வீட்டு கரண்ட்: வாசகர் கேள்விகள்

எங்கள் வீட்டு கிரைண்டரின் ஸ்டீல் உடம்பைத் தொட்டால் சுர்ரென்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை. எர்த் போட்டிருக்கிறோம், எம்.சி.பி.யும் இருக்கிறது. அது ஏன் விழவில்லை?
*வாசகி, கோவில்பட்டி*

முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பழுது பார்க்கும்வரை மாவு கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

எர்த் போட்டிருக்கிறோம் என்கிறீர்கள். ஆனால் அந்த எர்த் கிரைண்டர்வரை வந்து சேரவில்லை என்பதற்கு அந்தச் ‘சுர்’தான் சாட்சி. மோட்டாரிலிருந்து 5 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எர்த்தின் தடை 8 ஓம் என்றால், கிரைண்டர் உடம்பில் நிற்கும் வோல்டேஜ் 0.04தான். அதைக் கை உணரவே உணராது. உணர்கிறது என்றால் வழியில் எங்கோ எர்த் ஒயர் அறுந்திருக்கிறது.

பெரும்பாலும் அது பிளக்குக்குள்ளேதான் இருக்கும். மூன்று பின் பிளக்கைத் திறந்து பாருங்கள். மூன்று ஒயரையும் ஒரே நீளத்துக்கு வெட்டி முறுக்கியிருப்பார்கள். ஒயரைப் பிடித்து இழுத்து இழுத்துப் பிளக்கைக் கழற்றும்போது, பெரிய பின் இருக்கும் கோடிவரை போகவேண்டிய பச்சை ஒயர்தான் முதலில் கழன்றுகொள்ளும். பச்சையை மற்ற இரண்டையும்விட அரை அங்குலம் நீளமாக விட்டு, ஒயரை உள்ளே இருக்கும் கிளிப்பில் இறுக்க வேண்டும். இன்னொரு தப்பும் நடக்கும்: செம்பை விட்டுவிட்டு மேல்தோலின் மீது ஸ்க்ரூவை இறுக்கியிருப்பார்கள். பார்க்க உறுதியாக இருக்கும், கரண்ட் போகாது.

மல்டிமீட்டர் இருந்தால், பிளக் கழற்றிய நிலையில் பெரிய பின்னுக்கும் கிரைண்டரில் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவுக்கும் இடையே ஓம் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் சாக்கெட்டைச் சோதிக்க வேண்டும். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கமும், நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் ஒயர்) எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டும் காட்டினால் நல்லது. ஃபேஸ்–எர்த் 90, 60 என்று ஆடினால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எம்.சி.பி. ஏன் விழவில்லை? அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச் அது; சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்க வைத்தது. கசிவைப் பார்க்கும் கண் அதற்குக் கிடையாது. எர்த் ஒழுங்காக இருந்து, ஃபேஸ் ஒயரே உடம்பில் முட்டிக்கொண்டாலும் பாருங்கள்: கரண்ட் உங்கள் எர்த் குழி வழியாக மண்ணுக்குள் போய், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். உங்களுடையது 8 ஓம், அங்கே 2 ஓம் என்றால் மொத்தம் 10. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டிய அளவு அதன் 1.45 மடங்கு, அதாவது 23.2 ஆம்பியர். அந்த எல்லையைக்கூட இது தொடவில்லை. அதுவரை கிரைண்டர் உடம்பில் நிற்பது 23 × 8, அதாவது 184 வோல்ட்.

இந்த இடத்துக்குத்தான் கசிவைக் கண்டால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. வேண்டும். (பலரும் இன்னும் பழைய பெயரில் இ.எல்.சி.பி. என்பார்கள்.) போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 விநாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியர் வந்தால் 0.04 விநாடிக்குள்ளும் விழ வேண்டும். எர்த் 100 ஓம் என்று மோசமாக இருந்தாலும் முழு ஃபால்ட்டில் 2.3 ஆம்பியர் போகும். அது ஆர்.சி.சி.பி.க்குத் தாராளம்.

அப்படியானால் எர்த் எதற்கு என்று கேட்பீர்கள். எர்த் இருந்தால் பழுது வந்த கணமே விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, காலையில் வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. “அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன், தொல்லை விட்டது” என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

வேண்டாம். அவரை வேறு வேலைக்கு அழையுங்கள்.

மழையில் விழுகிறது என்பதே பாதி விடை. நனையும் இடங்களை மட்டும் எண்ணுங்கள்: கேட் விளக்கு, காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடி விளக்கு, போர் மோட்டார் ஒயர், காம்பவுண்டுச் சுவரில் டேப் சுற்றி விட்ட ஜாயின்ட். நம் ஊரில் குற்றவாளி பெரும்பாலும் கேட் விளக்குதான். மேலிருந்து இறங்கும் பைப் வழியாகத் தண்ணீர் நேரே ஹோல்டருக்குள் போய் நிற்கும்.

விழும் நேரத்திலேயே தேடுங்கள். எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் பொறுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. அதன் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது நின்றால் பழுது சாதனத்தில், அப்போதும் விழுந்தால் ஒயரிங்கில்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை போல் எம்.சி.பி. அது ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இருக்கும். நனைந்த பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கினாலும் கசிவு தொடரும். வீட்டில் வேறு எங்கோ அயர்ன் பாக்ஸ் போட்டால் விழும். எந்த எம்.சி.பி.யோடும் பொருந்தாமல் இஷ்டத்துக்கு விழுகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். மெயினை இறக்கிவிட்டு, டி.பி. பாக்ஸில் (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) நியூட்ரல் ஒயர்களை எல்லாம் சேர்த்துக் கட்டும் லிங்கிலிருந்து ஒவ்வொரு கறுப்பு ஒயராகக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே மெகர் (ஒயர்த் தோலின் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பதுதான் வழி. இதை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

ஒரு இடத்திலும் பெரிய பழுது இல்லாமலும் விழலாம். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு. எனவே சும்மா நிற்கும் கசிவு 9, 10-க்குள் இருக்க வேண்டும். பெரிய வீட்டில் ஒரே ஆர்.சி.சி.பி.யில் எல்லாவற்றையும் தொங்கவிடாமல் கீழ்த்தளம், மாடி, வெளிவிளக்கு–மோட்டார் என்று மூன்றாகப் பிரித்தால், மழை ராத்திரியில் கேட் விளக்கு மட்டும் அணையும். ஃபேன் ஓடும்.

இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுகிறது. எதையும் போடாமல் இருந்தால் நிற்கிறது. ஒரு ஃபேன் போட்டால் போதும், டப்பென்று விழுகிறது.
*வாசகர், தாம்பரம்*

எங்கும் கசியவில்லை, இணைப்பில்தான் கணக்குத் தப்பியிருக்கிறது. இன்வெர்ட்டருக்கான ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் எடுத்திருக்கிறார்கள். ஃபேனின் நியூட்ரலோ பழையபடி ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் உள்ள லிங்கிலேயே இருக்கிறது. 60 வாட் ஃபேனின் 0.26 ஆம்பியர், ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாமல் அதன் வழியாகத் திரும்பி வருகிறது. அதன் கண்ணுக்கு இது 260 மில்லி ஆம்பியர் கசிவு.

இன்வெர்ட்டர் விளக்கு, ஃபேன்களின் நியூட்ரல்களை எல்லாம் மெயின் லிங்கிலிருந்து பிரித்து, தனி லிங்கில் கட்டச் சொல்லுங்கள். அந்தத் தொகுப்புக்கு 25 ஆம்பியர் தாங்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் தனி ஆர்.சி.சி.பி. ஒன்று. ஃபேஸும் நியூட்ரலும் இரண்டும் அதன் வழியாகப் போக வேண்டும். பழைய வீட்டில் இரண்டு அறைக்கு ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருப்பார்கள். அதைப் பிரிப்பதுதான் வேலையில் பாதி.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்ததால் 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டுவிட்டோம். இப்போது பிரச்சினை இல்லை. சரிதானே?
*வாசகர், மேட்டுப்பாளையம்*

இன்றே பழையபடி மாற்றுங்கள். ஒரு எம்.சி.பி. தன் அளவைவிட 13 சதவீதம் அதிகம் போனாலும் ஒரு மணி நேரம் விழக்கூடாது என்பது அதன் விதி. ஆகவே 32 ஆம்பியர் எம்.சி.பி. 36 ஆம்பியரை அசையாமல் விட்டுக்கொண்டிருக்கும். உங்கள் பிளக் பாயின்ட்டுக்கு ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால், சுவர்ப் பைப்புக்குள் அதற்கு 20 ஆம்பியருக்கு மேல் ஆகாது. ஒயர் வெந்து, தோல் உருகி, பைப்புக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது.

1.5 சதுர மில்லிமீட்டருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25. செம்பு ஒயருக்கான கணக்கு இது.

விழும் நேரத்தைக் கவனித்தாலே காரணம் தெரியும். சுவிட்ச் போட்ட அதே நொடியில் விழுந்தால் ஷார்ட், அல்லது மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட். பி வகை எம்.சி.பி. 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்கில். மோட்டார், ஏ.சி. சர்க்யூட்டுக்கு சி வகை போதும், ஆம்பியரைக் கூட்டத் தேவையில்லை. 20 நிமிடம், அரை மணி கழித்து விழுந்தால் ஓவர்லோடு. 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 8, அதிலேயே 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3. மொத்தம் 21. கீசருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் லைன் இழுப்பதுதான் தீர்வு.

லோடு குறைவாக இருந்தும் சாவகாசமாக விழுகிறதா? மெயினை இறக்கிவிட்டு எம்.சி.பி.யின் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஒயரின் முனை பழுப்பேறி, தோல் விறைத்திருந்தால் லூஸ் கனெக்‌ஷன். அந்தச் சூடே எம்.சி.பி.க்கு உள்ளிருக்கும் உலோகப் பட்டையை வளைத்து அதை விழவைத்துவிடும். கருகிய முனையை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள்.

வாடகை வீட்டில் எர்த் இல்லை. பிளக் பாயின்ட்டில் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு ஒயர் கொடுத்தால் போதும் என்கிறார்கள்.
*வாசகி, திருவாரூர்*

கொடுத்தால், எங்கோ ஒரு நியூட்ரல் ஸ்க்ரூ லூஸானதும் ஃப்ரிட்ஜின் கதவில் 230 வோல்ட் நிற்கும். கூடாது. வீட்டுக்காரரைக் குழி வெட்டச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யாவது இருக்கட்டும்.

புது வீட்டுக்கு எர்த் குழி எப்படிப் போடுவது? எங்கள் நிலம் பாறை.
*வாசகர், ஓசூர்*

சாதாரண மண்ணுக்கான முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், குறைந்தது 2.5 மீட்டர் நீளம், பக்கங்களில் 12 மில்லிமீட்டர் ஓட்டைகள். கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, குளியலறைத் தண்ணீரோ ஏ.சி. தண்ணீரோ போய் விழும் பக்கமாக இருந்தால் நல்லது. பைப்பைச் சுற்றிக் கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காக. உப்பு 10 கிலோ அளவு போதும். கூடுதலாகக் கொட்டினால் சில வருடத்தில் பைப்பைத் தின்றுவிடும். மேலே வலை போட்ட புனல், சுற்றிச் செங்கல் தொட்டி, திறக்கும்படியான மூடி. மூடிமேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு வாழ்நாளில் தண்ணீர் ஊற்ற முடியாது.

பைப்பிலிருந்து மீட்டர் பெட்டிவரை 8 நம்பர் ஜி.ஐ. கம்பி, நடுவில் ஜாயின்ட் இல்லாமல். போல்ட் போடும் இடத்தில் துரு வராமல் கிரீஸ் தடவுங்கள்.

பாறையில் ஆழம் போகாது. அங்கே ஒரு குழியோடு சண்டை போடுவதைவிட இரண்டு, மூன்று குழி போட்டு இணைப்பது பலன் தரும். ஆனால் அருகருகே போட்டால் ஒன்றின் பலனை இன்னொன்று தின்னும். பைப் நீளத்தின் இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். கரி, உப்புக்குப் பதில் பென்டோனைட் களிமண் நிரப்பினால் ஈரம் நீண்டநாள் நிற்கும், பைப்பும் அரிக்காது. எர்த் டெஸ்டர் வைத்து மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் எந்தக் குழியும் நல்ல குழிதான்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. எர்த் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
*வாசகர், ராமநாதபுரம்*

முடியாது. அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.க்குள்ளேயே ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு சின்ன ரெசிஸ்டரை இணைக்கிறது. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் விழும். உள்ளே இருக்கும் இயந்திரம் இறுகிப்போகாமல் இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள்.

கடையில் 100 மில்லி ஆம்பியர், 300 மில்லி ஆம்பியரிலும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே? அது அடிக்கடி விழாது என்கிறார்களே?
*வாசகி, சிவகாசி*

விழாது, உண்மைதான். அவை கசிவால் தீப்பிடிப்பதைத் தடுக்க மெயினில் வைப்பவை. ஆளைக் காக்க 30-தான். வாங்கும்போது முகப்பில் 0.03 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி., புது வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டில் ‘ஏ’ வகை ஆர்.சி.சி.பி.யாகக் கேளுங்கள். சாதாரண ‘ஏ.சி.’ வகை ஆர்.சி.சி.பி. (ஏர் கண்டிஷனர் அல்ல, வகையின் பெயர்), எலெக்ட்ரானிக் சாதனங்களிலிருந்து ஒரே திசையில் வரும் கசிவைச் சரியாகப் பிடிக்காது.