பூவோட பாகங்கள் பேரெல்லாம் தெரியுது, வேலைதான் தெரியல

கேள்வி: பையன் அஞ்சாவது படிக்கிறான். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம்னு படத்துல கரெக்டா எழுதிடுறான், எது எதுக்குன்னு கேட்டா முழிக்கிறான். எப்படி சொல்லிக்கொடுக்கிறது?

பதில்: புக்க மூடிட்டு ஒரு வெண்டைச் செடி தேடுங்க. எல்லாரும் செம்பருத்தியத்தான் பறிச்சு கையில குடுப்பாங்க, பாகமெல்லாம் பெருசா தெரியும்தான், ஆனா நம்ம வீட்டு செம்பருத்தி பெரும்பாலும் காய்க்கிறதே இல்ல, அப்புறம் சூலகம் எதுக்குன்னு பிள்ளை எங்க போய் பார்க்கும்? அடுக்கு செம்பருத்தி வேண்டவே வேண்டாம், அதுல மகரந்தத்தாளே இதழா மாறியிருக்கும்.

வெண்டையும் அதே குடும்பம்தான். காலைல விரிஞ்ச பூவா எடுத்து இதழ்கள (அதான் அல்லி) பிய்ச்சிட்டா நடுவுல ஒரு குழாய் நிக்கும், அதச் சுத்தி இருக்கிறதுதான் மகரந்தப்பைகள், விரல வச்சா பொடி ஒட்டும். குழாய்க்கு மேல கருஞ்சிவப்பா தலை நீட்டுறது சூலகமுடி, பொடி வந்து விழ வேண்டிய இடம். அடியில இருக்கிற சூற்பைய நீங்களே பிளேடால நீளவாக்குல வெட்டி, பக்கத்துல ஒரு பிஞ்சையும் முத்துன காயையும் வெட்டி வச்சிடுங்க, உள்ள குட்டி மணியா இருக்கிற சூல் விதையாகுறதும் சூற்பை காயாகுறதும் அவனே சொல்லிடுவான். மொட்ட உரிச்சுக் காட்டினா புல்லி காவலுக்குன்னு புரியும் (வெளிய ஊசி ஊசியா நிக்கிறது புல்லி இல்ல, அது தனி).

மகரந்தத்தோட வேலைக்கு மட்டும் பூசணிதான் சரி. வெண்டை தன்னோட மகரந்தத்துலயே காய் பிடிச்சிடும், அதுல டெஸ்ட் பண்ணா ஒண்ணும் தெரியாது. பூசணில ஆண் பூ வேற, பெண் பூ வேற, பெண் பூவுக்கு அடியில குட்டிப் பிஞ்சு உருண்டையா இருக்கும். மறுநாள் பூக்கப் போற பெண் மொட்டுல ரெண்டு மூணு, ஆண் மொட்டு ஒண்ணு, எல்லாத்தையும் சாயங்காலமே மெல்லிசு துணியால கட்டிடுங்க. விடிஞ்சதும் ஒரு பெண் பூவ அவிழ்த்து, அந்த ஆண் பூவோட இதழ பிய்ச்சிட்டு, அதோட மகரந்தத்த பெண் பூவோட சூலகமுடில தடவி, பெண் பூவ திரும்பக் கட்டணும், மத்தத தொடவே கூடாது. மதியத்துக்குள்ள பூ மூடிக்கும், அதனால லேட் பண்ணாதீங்க. சில நாள்ல தடவாததோட பிஞ்சு மஞ்சளாகி உதிரும், தடவுனது பருக்கும். தடவுனதும் சில நேரம் உதிரும்தான், அதுக்காக இன்னொரு செடிலயும் செஞ்சு வைங்க.



பூசணி இல்லேன்னா பீர்க்கையிலயும் இதே டெஸ்ட் பண்ணலாம், ஆனா அது சாயங்காலம் பூக்கிற ரகம், மதியமே மொட்டக் கட்டிடுங்க.