கிரால் ஸ்பேஸில் குடியேறும் எலியும் கறையானும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் வட கரோலினாவில் பல ஆண்டுகளாகப் பூச்சித் தடுப்புப் பணியில் இருக்கிறேன். இங்கே நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பல, மண்ணுக்கும் மரத்தரைக்கும் நடுவே இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டவை. அந்த வெற்றிடத்துக்குத்தான் கிரால் ஸ்பேஸ் என்று பெயர். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும் என்பதால், வீடு வாங்கிய நாளிலிருந்து அந்தச் சிறு கதவைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். வந்திருந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே (அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்).

கேள்வி (கேரி): இரவில் சமையலறைத் தரைக்கு அடியில் பிறாண்டும் சத்தம் கேட்கிறது. வெளிச்சுவரைச் சுற்றி வந்து பார்த்தும் ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை.

பதில்: சுண்டெலிக்குக் கால் அங்குல இடைவெளி போதும், பெரிய எலிக்கு அரை அங்குலம். வெளியே நின்று தேடினால் இவை தெரியாது. நல்ல வெயில் நேரத்தில் உள்ளே போய், கதவைச் சாத்தச் சொல்லி, டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக விழுகிறதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். ஏ.சி.யின் செம்புக் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தை முதலில் பாருங்கள். அண்மையில் ஒரு வீட்டில் அந்தத் துளையை வெறும் ஃபோம் கொண்டு அடைத்திருந்தார்கள். அணில் கடித்த கொய்யாப்பழம் போல அதன் நடுவே ஒரு வட்டக் குழி. விளிம்பெல்லாம் எலியின் உடம்பு உரசிய கரிய எண்ணெய்ப் பிசுக்கு. ஃபோம் காற்றைத் தடுக்குமே தவிர எலியைத் தடுக்காது. செம்புக் கம்பிச் சுருளை இறுகத் திணித்து அதன் மேல் சீலன்ட் பூசுங்கள். காற்றுத் துளைகளுக்குக் கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. கம்பி வலையை உட்புறமாகத் திருகாணியால் பொருத்துங்கள்.

கேள்வி (சார்லட்): எலி மருந்து வைத்தால் வேலை எளிதாக முடியாதா?

பதில்: முடியும், ஆனால் மருந்து தின்ற எலி, உங்கள் கைக்கு எட்டாத மூலையில் செத்து, இரண்டு வாரம் வீடு முழுக்க நாறும். சுவரோரமாக எலிப்பொறி வையுங்கள், பிடிபட்டதை அன்றே அகற்றுங்கள்.

கேள்வி (ராலே): ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், பாச்சை உருண்டைகளைக் கீழே தூவினால் எலியும் பாம்பும் அண்டாது என்கிறார். செய்யலாமா?

பதில்: அம்மா, பெரியவர் சொல் என்றாலும் இதில் வேண்டாம். பாச்சை உருண்டை, மூடிய பெட்டியில் துணியை அந்துப்பூச்சியிடமிருந்து காப்பதற்கு உரியது. எலியையோ பாம்பையோ அது விரட்டுவதில்லை. வீட்டின் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று தரையிடுக்குகள் வழியே மேலே வரும். நீங்கள் கீழே தூவியது தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மூச்சில் போய்ச் சேரும். பாம்பு வருவது எலியைத் தேடித்தான் என்பதால், எலியின் வழியை அடைத்தாலே பாம்பின் வரவும் குறையும்.

கேள்வி (டர்ஹம்): கூன் முதுகும் நீண்ட கால்களும் கொண்ட, சிலந்தி போலத் தாவும் பூச்சிகள் கூட்டமாக இருக்கின்றன. எத்தனை முறை மருந்து அடித்தாலும் திரும்ப வந்துவிடுகின்றன.

பதில்: அவை கேமல் கிரிக்கெட் எனப்படும், சுவர்க்கோழியை ஒத்த பூச்சிகள், கடிப்பதில்லை. ஆனால் கீழே ஈரம் தங்கியிருக்கிறது என்று அவை உங்களுக்குச் சொல்கின்றன. கோடையில் காற்றுத் துளை வழியே நுழையும் புழுக்கக் காற்று, ஏ.சி.யால் குளிர்ந்த தரைமரத்தையும் குழாய்களையும் தொட்டதும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் போல நீர் கோத்துக்கொள்கிறது. அந்த ஈரம் இருக்கும்வரை நீங்கள் மருந்துக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுப்பவர்தான் (என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்). கூரை நீர் சுவரோரம் கொட்டாமல் குழாயைச் சில அடி நீட்டுங்கள். சுவரை ஒட்டிய மண், முதல் 10 அடியில் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். உள்ளே மண் முழுவதையும் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுக்குக் குறையாத பாலிதீன் விரிப்பால் மூடுங்கள். பிறகும் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) வைக்கலாம்.

கேள்வி (அட்லாண்டா): சுவர் முழுவதையும் விரிப்பாலும் ஃபோம் பலகையாலும் மூடிவிட்டால் கறையானும் வராதல்லவா?

பதில்: அது வரும் வழியைத்தான் நீங்கள் உங்கள் கண்ணிலிருந்து மறைப்பீர்கள். மண்ணிலிருந்து மரத்துக்கு ஏறும் கறையான், பென்சில் பருமனில் மண் குழாய் கட்டிக்கொண்டு அஸ்திவாரச் சுவரில் ஏறுகிறது. சாவி முனையால் ஒரு குழாயை உடைத்துப் பாருங்கள். வெளிறிய பூச்சிகள் ஓடினால் கறையான் உள்ளே இருக்கிறது. காலியாக இருந்தாலும் நிம்மதி கொள்ள வேண்டாம், பழைய குழாயை விட்டு வேறு வழியில் போயிருக்கலாம். ஆகவே சுவரின் மேல்விளிம்பில், மரச்சட்டத்துக்குக் கீழே, 3 அங்குலம் மூடாமல் விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை டார்ச்சுடன் அந்தப் பட்டையைச் சுற்றிப் பாருங்கள். கட்டுமானத்தில் மிஞ்சிய மரத்துண்டுகளையும் அட்டைப் பெட்டிகளையும் வெளியேற்றுங்கள். மண்ணுக்கு மருந்திடும் வேலையை உரிமம் பெற்றவரிடமே விடுங்கள்.

கேள்வி (கேரி): எலிப் புழுக்கையை நானே பெருக்கித் தள்ளிவிடலாமா?

பதில்: பெருக்கவே கூடாது, வேக்குவமும் போடக் கூடாது. சில காட்டெலிகளின் எச்சத்தூசியில் ஹன்டா வைரஸ் இருக்கலாம். 1993இல் அமெரிக்கத் தென்மேற்கில் பலரின் உயிரைப் பறித்தது அதுதான். அரை மணி நேரம் காற்றோட்டம் விட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு நீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறிய பின் காகிதத் துண்டால் வழித்தெடுத்துப் பையில் கட்டி எறியுங்கள். குளிரையும் வெப்பத்தையும் தடுக்கத் தரைமரத்தின் அடியில் பொருத்தியிருக்கும் கண்ணாடியிழைப் பஞ்சில் எலி கூடு கட்டியிருந்தால், அதைத் தூய்மைப்படுத்த முயல வேண்டாம். அதையும் நனைத்துக் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள்.