ஒன்பது நாட்களாகப் பதில் இல்லை

அன்புள்ள அம்மா,
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறேன். முடக்குவாதத்தோடு (மூட்டுகள் வீங்கி இறுகும் நோய்) வாழும் நம் தமிழ்ப் பெண்களிடம் மின்னஞ்சலில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்குகிறேன். முகம் பார்க்காமல் வாங்கும் பதிலில் உயிர் இருக்காது என்கிறார் வழிகாட்டி. ஒருவர் ஒன்பது நாட்களாகப் பதிலே போடவில்லை. நேரில் போய்விடட்டுமா? என் 20 கேள்விகளையும் இணைத்திருக்கிறேன்.
ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

போக வேண்டாம். எனக்கும் அதே நோய்தான். உங்களுக்கே பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாது. அப்போது ஒலிப்பதிவுக் கருவியோடு நீங்கள் சாட்ஸ்வொர்த்தில் என் வாசலில் நின்றால், வீட்டைக் கூட்டுவேன், தேநீர் போடுவேன், "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டு போவீர்கள். எனக்கு இரண்டு நாள் படுக்கை. வழிகாட்டி கேட்கும் உயிர் அந்தத் தேநீரோடு போய்விடும்.

மின்னஞ்சல் என்றால் மதியம் இரண்டு வரி, தூக்கம் வராத இரவில் நாலு வரி எழுதலாம், எழுதியதை அழிக்கலாம். ஆகவே அஞ்சல்களின் தேதியையும் நேரத்தையும் பதில்களோடு சேர்த்தே வையுங்கள். கை எப்போது ஓய்ந்தது என்பது அங்கே தெரியும். (மின்வெட்டும் காரணமாகலாம்; 2023ஐ யார் மறப்பார்?) 20 கேள்வியை ஒரே மூச்சில் அனுப்பியிருந்தால் நானும் மூடி வைத்திருப்பேன். இரண்டு, மூன்றாக அனுப்புங்கள். வந்த பதிலைப் படித்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

என் கவலை வேறு. நம் பாட்டிமார் பலருக்குத் தமிழ் வாயில் மட்டும்தான். பேத்திதான் ஆங்கிலத்தில் தட்டிக் கொடுப்பாள். மருமகள் மேலுள்ள மனத்தாங்கல் அந்தப் பேத்தியின் விரல் வழியாக வருமா? யார் தட்டுகிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். அத்தகையவர்களிடம் தொலைபேசியில் பேசுங்கள். அஞ்சலின் தலைப்பில் நோயின் பெயர் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. உடல்நலத் தகவலுக்கு அதில் தனிக் காவல் உண்டு.

"இந்த நோயால் நீங்கள் இழந்தது என்ன?" என்ற உங்கள் ஏழாவது கேள்வியில் நான் நின்றுவிட்டேன். நேரில் கேட்டால், அழுகிறவரின் பக்கத்தில் நீங்களாவது இருப்பீர்கள். இரவு பதினொரு மணிக்குத் திரையில் அதைத் தனியாகப் படிப்பவருக்கு யார் இருக்கிறார்கள்? கேட்டே தீர வேண்டுமானால், முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நாளைக்குக் கடினமான ஒன்று வரும், பதில் எழுதாவிட்டாலும் சரி என்று.

அந்த ஒன்பது நாள் அம்மாவுக்கு இன்றே ஒரு வரி போடுங்கள், அவசரமில்லை என்று. கேள்வி எதையும் அதோடு சேர்க்காதீர்கள்.

அன்புடன்,
அம்மா