ஈர்ப்பு விசை ஆய்வில் உள்ள சுண்டெலிகளுக்குத் தானாக உணவளிக்கும் கருவியை எப்படி வடிவமைப்பது?

சாதாரணக் கூண்டின் உணவுத்தொட்டியோடு ஒரு மோட்டாரை இணைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்தத் தொட்டியில் உணவு தன் எடையால்தான் கீழே சரிகிறது; நீர்ப்புட்டியிலும் காற்றுக்குமிழி மேலே ஏறுவதால்தான் நீர் கீழே இறங்குகிறது. விண்வெளியின் எடையற்ற நிலையில் இவ்விரண்டும் நடக்காது. ஆகவே உதிராத கட்டியாக வார்த்த உணவைச் சுவரில் ஒட்டியோ ஸ்பிரிங்கால் தள்ளியோ கொடுக்க வேண்டும். நீரைக் குமிழியின்றி நிரப்பிய நெகிழ்பையை அழுத்தி, எலி நக்கும்போது மட்டும் திறக்கும் வால்வு வழியே தர வேண்டும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: மோட்டார் சுழன்றது என்பதும் உணவு எலியின் வாய்க்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. பசையுணவு செலுத்தும் கருவியொன்றைத் தரையில் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் திரையிலிருந்த பதிவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. கூண்டைத் திறந்தால் தட்டு துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தது. குழாயின் வாயில் பசை காய்ந்து, நகத்தால் பெயர்க்க வேண்டிய அளவுக்குப் பொருக்குத் தட்டியிருந்தது. மோட்டார் தள்ளிய பசை முழுவதும் பின்புற இணைப்பில் கசிந்து வெளியேறியிருந்தது. நான்கு எலிகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. அவை பிழைத்துக்கொண்டன என்றாலும், எலிகள் பெரும்பாலும் இரவில்தான் உண்ணும் என்பதால், ஓர் இரவுப் பட்டினி அவற்றுக்கு எவ்வளவு பெரியது என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அன்று முதல் உணர்கருவியை மோட்டாரில் அல்ல, தட்டின் விளிம்பில்தான் பொருத்துகிறேன்.

2009இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற இத்தாலியக் கூண்டில் 91 நாள் பயணத்தின்போது ஆறு எலிகளில் மூன்று இறந்தன. அவற்றுள் ஒன்றின் இறப்புக்குக் காரணம் உணவூட்டும் அமைப்பின் பழுது.

எலி இறக்காவிட்டாலும் ஆய்வு கெடலாம். குறைவாக உண்ட எலியின் தசையும் எலும்பும் ஈர்ப்பு மாறாமலேயே மெலியும். சென்ட்ரிஃபியூஜில், அதாவது வேகமாகச் சுழன்று ஈர்ப்பு போன்ற விசையை உண்டாக்கும் கருவியில், இரு மடங்கு ஈர்ப்புக்கு உள்ளாகும் எலிகளோ முதல் சில நாட்கள் தாமாகவே உணவைக் குறைத்துக்கொள்ளும். ஆதலால் ஒவ்வொரு நாளும் எவ்வளவு உண்டது என்ற கணக்கு இல்லாமல், கண்ட மாற்றத்தை ஈர்ப்பின் தலையில் சுமத்த முடியாது. எடையற்ற இடத்தில் தராசு உதவாது. எஞ்சிய கட்டியின் நீளத்தையோ செலுத்திய பசையின் கன அளவையோ அளந்து, சிந்தியதைக் கழிக்க வேண்டும். 2016இல் ஜப்பானியர் பன்னிரண்டு எலிகளில் ஆறை விண்வெளி நிலையத்திலேயே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் புவியீர்ப்புக்கு நிகரான நிலையில் வைத்திருந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒப்பீட்டுக்குரிய இரு குழுக்களும் விண்வெளியிலேயே இருந்ததால் ஈர்ப்பின் விளைவைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது.

உங்கள் வடிவமைப்பில் மோட்டாரையும் மின்சாரத்தையும் சாராத, ஓரிரு நாள் தாங்கும் உணவுக்கட்டி ஒன்றை ஒவ்வொரு கூண்டிலும் கட்டாயம் வையுங்கள். அது எவ்வளவு கரைந்தது என்பதையும் கணக்கில் சேருங்கள்.