மெட்டாலென்ஸ் தட்டையாக இருந்தும் ஒளியை எப்படிக் குவிக்கிறது?

கண்ணாடி வில்லையின் தடித்த நடுப்பகுதியில் ஒளி அதிகம் தாமதிக்கிறது, மெல்லிய ஓரத்தில் குறைவாக. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் திரும்புவதுபோல, இந்தத் தாமத வேறுபாடே ஒளியைத் திருப்புகிறது.

அதே வேறுபாட்டைத் தடிமன் இல்லாமல் உண்டாக்கும் தட்டை வில்லைதான் மெட்டாலென்ஸ். 2016இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் ஃபெடரிக்கோ கப்பாசோவின் குழு காட்டியதில் முட்டுக்கட்டைகள் டைட்டானியம் டை ஆக்சைடு தூண்கள். உயரம் வெறும் 600 நானோமீட்டர். அகலமோ ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. தூணின் அகலத்தையோ நிறுத்தும் கோணத்தையோ இடத்துக்கு இடம் மாற்றினால் போதும், அலை வேண்டிய திசையில் திரும்பிவிடும். வளைவாகத் தேய்த்து மெருகேற்றும் வேலையே இல்லை. கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே அச்சிடலாம்.

வில்லை தட்டையானால் கேமராவும் காகிதம்போல் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வில்லைக்கும் படம் பதியும் உணரிக்கும் நடுவே, ஒளி குவியத் தேவையான இடைவெளி, அதாவது குவியத் தூரம், அப்போதும் வேண்டும்.