முகவர் சொல்லும் வெட்டும் வாரியம் சொல்லும் வெட்டும் ஒன்றல்ல

கேள்வி: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பையும், ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து நகரின் புறத்தே உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படும் குடிசைவாசிகளையும் வைத்து நையாண்டிப் படம் எடுத்திருக்கிறோம். குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டுவேலை செய்யும் பெண்ணைச் சாதியைக் குறிப்பால் உணர்த்தி இழிவாகப் பேசும் காட்சி ஒன்றும், வார்டு கவுன்சிலரைக் கேலி செய்யும் காட்சிகள் இரண்டும் படத்தில் உள்ளன. இம்மூன்றையும் முன்கூட்டியே நீக்கினால்தான் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்திடம் சான்றிதழ் கிடைக்கும் என்று கூறும் முகவர் ஒருவர், அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாயும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: காட்சிகளை நீக்காதீர்கள், பணத்தையும் கொடுக்காதீர்கள். சான்றிதழுக்கான விண்ணப்பம் இன்று ‘இ-சினிபிரமாண்’ இணையதளம் வழியாகவே செல்கிறது. விதிகளில் குறிக்கப்பட்ட கட்டணத்தைத் தயாரிப்பாளரே செலுத்திவிடலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர் உதவிக்கு ஒருவரை அமர்த்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்லிக் கேட்கப்படும் தொகை உதவிக்கான கூலியன்று. 2023இல் தமிழ் நடிகர் ஒருவர், தம் படத்தின் இந்திப் பதிப்புக்குச் சான்றிதழ் பெற மும்பையில் பல லட்சம் கொடுக்க நேர்ந்ததாக வெளிப்படையாகக் குற்றம்சாட்டியதும், மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்ததும் நினைவிருக்கலாம். முகவர்கள் விற்பது பெரும்பாலும் அச்சத்தைத்தான். வாரியம் கேட்டிராத வெட்டை உங்கள் கையாலேயே செய்ய வைத்துவிட்டு, சான்றிதழ் வந்ததும் ‘நான் சொன்னேன் அல்லவா’ என்பார்கள். நீங்களாக நீக்கிய காட்சிக்கு மேல்முறையீடும் கிடையாது.

வாரியம் உண்மையிலேயே வெட்டு கோரினால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி, வெட்டு கோருவதற்கும் சான்றிதழை மறுப்பதற்கும் முன் விண்ணப்பதாரர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்தே ஆக வேண்டும். எனவே கோரப்படும் ஒவ்வொரு வெட்டையும் காரணத்துடன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொல்லப்பட்ட வெட்டு எதுவும் வெட்டாகாது. சாதி இழிசொல் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் விடை வாரியத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது: ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்து அளக்காமல், முழுப்படமும் பார்ப்பவரிடம் ஏற்படுத்தும் ஒட்டுமொத்த விளைவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்கின்றன அவை. இழிவுபடுத்துபவரைப் படம் நகையாடுகிறதா, இழிவுபடுத்தப்பட்டவரையா என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி விண்ணப்பத்துடன் இணைத்துவிடுங்கள். காட்சியைப் பார்த்தாலே புரியும் என்று இருந்துவிட வேண்டாம். புரியாமல் போன அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

பெருநகரத்தின் வர்க்க வேறுபாட்டைக் காட்டியதற்காகத் தணிக்கையுடன் மோதிய முதல் ஆளும் நீங்கள் இல்லை. கல்கத்தா, பம்பாய், மதராஸ், டில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வ வாழ்வையும் ஏழைகளின் அவலத்தையும் எதிரெதிரே வைத்த கே.ஏ. அப்பாஸின் ஆவணப்படம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முன்தணிக்கை செல்லும் என்றே 1970இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் அரசு இறங்கி வந்து, வெட்டில்லாமல் ‘யு’ சான்றிதழ் தர ஒப்புக்கொண்டிருந்தது. தணிக்கை முடிவுக்கு எதிராகச் சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையையும் அரசு அவ்வழக்கில் ஏற்றது. அவ்வாறு பின்னாளில் உருவான தீர்ப்பாயத்தை 2021இல் ஓர் அவசரச் சட்டத்தால் கலைத்துவிட்டார்கள். விளைவு, படத்தை மீண்டும் பார்க்கும் வாரியத்தின் மறுஆய்வுக் குழுவும் கைவிட்டால் இனி முப்பது நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு வசனத்துக்காக மூத்த வழக்கறிஞரை அமர்த்தும் வசதி சிறு தயாரிப்பாளருக்கு ஏது? முகவர்களின் வாசலில் கூட்டம் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

‘திரைப்பட விழாவில் காட்ட சான்றிதழ் வேண்டாமே’ என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. விலக்கை மத்திய அரசு அளிக்க வேண்டும்; அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் விழாவை நடத்துபவரே தவிர நீங்கள் அல்ல; கிடைத்தாலும் அது அந்த விழாவுக்கு மட்டுமே பொருந்தும். விழாவில் காட்டிய படத்தை மறுவாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஊராருக்குத் திரையிட அந்த விலக்கு உதவாது. நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை என்பதும் விடையாகாது. சட்டம் கேட்பது பொதுத் திரையிடலா என்பதையே. இந்த ஓர் இடத்தில் தவறி வழக்கில் சிக்கியவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கவுன்சிலர் காட்சிகளில் கவனிக்க வேண்டியது தணிக்கையை அல்ல, அவதூறு வழக்கை. அரசியல்வாதிகளைப் பொதுவாகக் கேலி செய்வதற்குத் தடையில்லை. பார்ப்பவர் ‘இது இன்னார்தான்’ என்று அடையாளம் காணும்படி எடுத்து, அவர் செய்யாத குற்றத்தை அவர் தலையில் ஏற்றினால் மட்டுமே அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு குறுக்கே வரும். ‘அனைத்தும் கற்பனையே’ என்ற அறிவிப்பு அங்கே உங்களைக் காப்பாற்றாது. ஆகவே காட்சிகளை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். சுவரில் உண்மையான வார்டு எண், சுவரொட்டியில் உண்மையான பெயர், கொடியில் உண்மையான கட்சியின் நிறம் ஆகியவை படப்பிடிப்பில் தெரியாமல் பதிவாகியிருந்தால், அவற்றை மட்டும் அழித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.