இரவு நாட்குறிப்பு குற்றப்பத்திரிகை ஆகும்போது

வணக்கம். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தினமும் கத்திவிடுவதாகவும், இரவில் நாட்குறிப்பு எழுதியும் குற்றவுணர்வு கூடுகிறதே தவிரப் பழக்கம் மாறவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். “இன்றும் பொறுமையில்லாத அம்மாவாக நடந்துகொண்டேன்” என்று நீங்கள் காட்டிய வரியில் தீர்ப்பு இருக்கிறது. என்ன நடந்தது என்பது இல்லை.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, நம் எண்ணங்களைக் கவனித்துச் சரிபார்க்கக் கற்றுத்தரும் அறிதல்சார் சிகிச்சையில், சூழ்நிலை, அப்போது மனத்தில் ஓடிய எண்ணம், எழுந்த உணர்ச்சி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதச் சொல்வார்கள். உங்கள் வரியை அவ்வாறு எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்: “மாலை 7:40. அலுவலகத்திலிருந்து வந்து இன்னும் சாப்பிடவில்லை. கடன் வாங்கிக் கழிப்பதில் மூன்றாம் முறை தவறினாள். வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். தாடை இறுகியது. குரல் உயர்ந்தது.” இப்போது பசியும் அந்த எண்ணமும் கண்ணுக்குத் தெரிகின்றன, சாப்பிட்டுவிட்டுப் பாடத்துக்கு உட்காரலாம், அவள் வேண்டுமென்றேதான் செய்கிறாளா என்று அவளிடமே கேட்டும் பார்க்கலாம்.

படுக்கப்போகும்வரை தள்ளிப்போட்டால் நினைவு தன் பங்குக்கு நியாயத்தையோ பழியையோ சேர்த்துவிடும் என்பதால், பாடம் முடிந்த கையோடு நான்கு வரி எழுதிவிடுங்கள். கத்தாத நாட்களையும் கட்டாயம் குறியுங்கள்; பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் எது உங்களுக்கு உதவியது என்பது அந்த நாட்களில்தான் தெரியும்.

கத்தல் அடியாக மாறிவிடுமோ என்ற அச்சம் இருந்தாலோ, குற்றவுணர்வு தூக்கத்தைக் கெடுத்தாலோ, தயங்காமல் ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். இந்தக் குறிப்புகளையும் அவரிடம் கொண்டுசெல்லுங்கள்.